போர்க்கால விமானிக் கையேடு: அசலா, மறுபதிப்பா, ஸ்கேனா?

கிள்ளானிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். கணினியில் ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தை ஓட்டிப் பழகுகிறாராம். அந்தக் காலத்து விமானிகள் படித்த அதே கையேடு தனக்கும் வேண்டும் என்கிறார். ஈப்போவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்குப் போர்க்காலப் புத்தகங்கள் சேர்க்க ஆசை. ஓய்வூதியத்தில் எவ்வளவு ஒதுக்குவது என்பதில்தான் தயக்கம். மூன்றாவது, பட்டர்வொர்த்தில் ஓர் அக்கா. அவருடைய அப்பா 1950களில் மலாயா துணை விமானப் படையின் பினாங்குப் பிரிவில் மெக்கானிக்காக இருந்தவர். அப்பா தொட்டு வேலை செய்த விமானத்தின் கையேடு ஒன்று வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

மூவரும் கேட்டது ஒன்றே. காசு போட்டு அசலை வாங்குவதா, மறுபதிப்பு போதுமா, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்கேனே போதுமா? மூவருக்கும் நான் சொல்லப்போகும் பதில் வேறு வேறு. பதிலைவிட, அதற்கு எப்படி வந்தேன் என்பதுதான் மற்றவர்களுக்கு உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

## இவை என்ன புத்தகங்கள்?

பிரிட்டிஷ் விமானப் படைக்கு விமான அமைச்சு அச்சிட்டுக் கொடுத்தவை ‘பைலட்ஸ் நோட்ஸ்’. மெல்லிய அட்டை, கம்பித் தையல், பள்ளி நோட்டைவிடச் சிறிய உருவம். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏ.பி. (ஏர் பப்ளிகேஷன், அதாவது விமான வெளியீடு) எண் உண்டு. ஹரிக்கேனுக்கு 1564, ஸ்பிட்ஃபயருக்கு 1565, மொஸ்கிட்டோவுக்கு 2019, லங்காஸ்டருக்கு 2062. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து, அது அந்த விமானத்தின் எந்த மார்க்குக்கு, அதாவது எந்த வகைக்கு, உரியது என்று காட்டும். உள்ளே விமானத்தின் விவரம், கையாளும் முறை, எஞ்சின் அளவுகள், ஆபத்து நேரத்தில் செய்ய வேண்டியவை, கடைசியில் காக்பிட் படங்கள். படத்தில் ஒவ்வொரு விசைக்கும் ஓர் எண் போட்டு, பக்கத்தில் விளக்கப் பட்டியல் இருக்கும்.

எல்லா விமானங்களுக்கும் பொதுவான சங்கதிகளை ஏ.பி. 2095 என்ற தனிப் புத்தகத்தில் வைத்தார்கள். அதை விமானி படித்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டே மற்ற நோட்ஸ் எழுதப்பட்டன. இது தெரியாமல் ஸ்பிட்ஃபயர் நோட்ஸை மட்டும் வாங்குகிறவர், பாதி விஷயத்தைக் காணோமே என்று குழம்பிப் போவார். நானும் முதலில் அப்படித்தான் குழம்பினேன்.

அமெரிக்கர்களின் பயிற்சிக் கையேடு வேறு ரகம். அளவில் பெரியது, புகைப்படங்கள் நிறைந்தது, நடுநடுவே கேலிச்சித்திரங்களும் உண்டு. பி-17 குண்டுவீச்சு விமானத்துக்கு அமெரிக்கத் தரைப்படையின் விமானப் பிரிவு வெளியிட்டது 50-13 என்ற எண் கொண்டது. பிரிட்டிஷ் நோட்ஸ் அளந்து பேசும். அமெரிக்கக் கையேடு எதிரில் உட்கார்ந்து பேசும். நீ இனி வெறும் பைலட் இல்லை, உன்னோடு ஏறுகிற அத்தனை பேருக்கும் நீதான் பொறுப்பு என்று தொடங்கி, குழுவில் ஒவ்வொருவருக்கும் என்ன வேலை, அவர்களை எப்படி நடத்த வேண்டும் என்று பல பக்கங்கள் போகும்.

ஜப்பானியக் கையேடுகளை இங்கே எடுக்கவில்லை. 1945 ஆகஸ்டில் சரணடைந்தபோது அவர்கள் ஆவணங்களைக் குவித்து எரித்தார்கள். மிஞ்சியவை அரிது, விலையும் வேறு உலகம்.

இதில் எனக்கு என்ன அக்கறை என்றும் சொல்லிவிடுகிறேன். என் தாத்தா செந்தூல் ரயில் பணிமனையில் வேலை பார்த்தவர். 1945 பிப்ரவரி 19 அன்று, வங்காளத்தில் காரக்பூர் பக்கத்து ஓடுதளங்களிலிருந்து கிளம்பி வந்த பி-29 விமானங்கள் கோலாலம்பூரின் அந்தப் பணிமனையைக் குறிவைத்துக் குண்டு போட்டன. அடுத்த மாதம் 10ஆம் தேதி மறுபடியும் வந்தார்கள். அன்றுதான் சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி இடிந்தது. அந்த மனையில்தான் இன்று தேசிய அருங்காட்சியகம் நிற்கிறது. தாத்தா ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி அதிகம் பேச மாட்டார். ஆனால் அந்த ஆகாயக் கப்பல்கள் வெயிலில் வெள்ளி மாதிரி மின்னியதைச் சொல்வார். சொல்லிவிட்டு, “மேலே உட்கார்ந்திருந்தவனுக்கு என்ன வயசிருக்கும்?” என்று கேட்பார். அந்தக் கேள்விதான் என்னை இந்தப் புத்தகங்களிடம் கொண்டுவந்தது. பலருக்கு இருபது, இருபத்திரண்டு வயது. அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது என்ன, அவர்களை நம்பிச் சொல்லப்பட்டது என்ன என்பதை இந்தப் பக்கங்களில் பார்க்கலாம்.

## எதை வைத்து எடை போடுவது?

முதல் அளவுகோல், உங்களுக்கு வேண்டியது சொற்களா, பொருளா என்பது. ஒரு விமானத்தை எப்படிக் கிளப்பினார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் சொற்கள் போதும். அதைத் தெரிந்துகொண்டவனின் கை பட்ட தாள் வேண்டுமானால் பொருள்தான் வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் காசைத் தொலைக்கிறார்கள்.

இரண்டாவது, முழுமை. விரித்துப் பார்க்கும் மடிப்புத் தாள்கள் இருக்கின்றனவா? சரியான மார்க்தானா? ஐந்தாம் மார்க் ஸ்பிட்ஃபயரில் ஒரே நிலை, ஒரே வேகம் கொண்ட சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் கருவி). ஒன்பதாம் மார்க்கில் இரண்டு நிலை, இரண்டு வேகம். ஒன்றின் கையேட்டை வைத்து மற்றதைப் புரிந்துகொள்ள முடியாது.

மூன்றாவது, நம் ஊர்க் காற்று. இங்கிலாந்தில் எழுதப்படும் சேகரிப்பு வழிகாட்டிகள் இதைப் பற்றி அவ்வளவாக அலட்டிக்கொள்வதில்லை. நமக்கோ வருடம் முழுக்க ஈரம்.

நான்காவது, விலைச் சீட்டில் தெரியாத செலவு. ஐந்தாவது, உங்களுக்குப் பிறகு அது யாரிடம் போகும் என்பது. கடைசி ஒன்றை யாரும் கேட்பதில்லை. ஆனால் கேட்டுப் பார்த்தவர்கள் பெரும்பாலும் குறைவாக வாங்குகிறார்கள், நிதானமாக வாங்குகிறார்கள்.

## அசல் பிரதி

என்னிடம் இருக்கும் ஹரிக்கேன் நோட்ஸை முன்னால் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அட்டையைத் திறந்தால் ஒரு சிறு கட்டம். திருத்தப் பட்டியல் வரும்போதெல்லாம் அதைப் புத்தகத்தில் சேர்த்தவர், சேர்த்த தேதியை எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும் என்பது விதி. திருத்தங்கள் பசை தடவிய சிறு துண்டுகளாக வந்தன. உரிய இடத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டியது வைத்திருப்பவர் வேலை. என் பிரதியில் முதல் மூன்று துண்டுகள் அளவெடுத்தாற்போல் நேராக ஒட்டப்பட்டிருக்கின்றன. நான்காவது கோணல். கையெழுத்தும் அங்கிருந்து மாறுகிறது. புத்தகம் கை மாறியிருக்கிறது என்று அந்த இடம் சொல்கிறது. முன்னவர் பதவி உயர்ந்து போனாரா, வேறு முகாமுக்குப் போனாரா, திரும்பி வரவில்லையா என்பதை அது சொல்லாது.

எஞ்சின் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பக்கத்தில் ஒரே ஒரு வரிக்குக் கீழே பென்சிலால் மூன்று முறை அழுத்திக் கோடு போட்டிருக்கிறது. தாளின் பின்பக்கத்தில் விரலை வைத்தால் அந்த அழுத்தம் தட்டுப்படும். இது ஸ்கேனில் வராது, மறுபதிப்பிலும் வராது. அசலுக்குக் கொடுக்கும் காசு இதற்குத்தான். இந்த மாதிரித் தடயங்களைத் தேடிப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு இல்லை என்றால், அசல் வெறும் மஞ்சள் தாள்தான்.

ஹரிக்கேன் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: 1944இல் இம்பாலில் இந்திய விமானப் படையின் முதல் ஸ்குவாட்ரன் ஓட்டியது ஹரிக்கேன்தான். இந்த மாதிரி ஒரு புத்தகத்தைப் படித்துத்தான் அந்தப் பையன்களும் ஏறியிருப்பார்கள்.

இப்போது செலவுக்கு வருவோம். போர்க்காலத்தில் பிரிட்டனில் தாளுக்குப் பஞ்சம். மட்டமான மரக்கூழ்த் தாளில் அமிலம் அதிகம். அது தானாகவே பழுப்பேறி நொறுங்கும். கம்பித் தையல் நம் ஈரத்தில் துருப்பிடித்து, துரு தாளைத் தின்னும். அமெரிக்கக் கையேடுகளில் மினுமினுப்பான பூச்சுத் தாளில் அச்சிட்டவை ஈரம் பட்டுக் காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல் மாதிரி ஆகிவிடும். பிரிக்கப் போனால் எழுத்து கையோடு வரும். இவற்றுக்கு மேல் ராமபாணப் பூச்சி. பசை என்றால் அதற்கு விருந்து. திருத்தத் துண்டுகளின் பின்னால் இருப்பதும் பசைதான்.

ஆகவே அசல் வாங்குகிறவர் புத்தகத்தோடு சேர்த்து ஓர் ஈரக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் வாங்க வேண்டும். கேமராக் கடைகளில் லென்ஸ் வைப்பதற்காக விற்கும் மின்பெட்டியே போதும். உள்ளே ஈரப்பதம் 45இலிருந்து 55 விழுக்காட்டுக்குள் நிற்கட்டும். 65ஐத் தாண்டினால் பூசணத்துக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. எனக்கு அந்தப் பெட்டி முதல் புத்தகத்தைவிட அதிகச் செலவு வைத்தது. பெட்டி இல்லாமல் இரவில் மட்டும் ஏர்கான் போட்டு, பகலில் அணைத்துவிடும் அறையில் புத்தகத்தை வைப்பது நல்லதல்ல. ஏறி இறங்கும் ஈரம் தாளை இழுத்து இழுத்துச் சுருக்கும்.

பூச்சி இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், புத்தகத்தைக் காற்றுப் போகாத பைக்குள் போட்டு, வீட்டு உறைபெட்டியில் இரண்டு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும். இல்லையென்றால் தாள் மேல் நீர் கோத்துக்கொள்ளும். ரசகற்பூர உருண்டை வேண்டாம். பளபளக்கும் பிவிசி உறை வேண்டாம். கிழிசலில் செலோடேப் ஒட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். பத்து வருடத்தில் டேப் உதிர்ந்துவிடும், பழுப்புக் கறை தாளோடு தங்கிவிடும்.

அப்புறம் ஏமாற்று. 1970களிலேயே பிரிட்டனில் பைலட்ஸ் நோட்ஸ் மறுபதிப்புகள் வர ஆரம்பித்துவிட்டன. ஐம்பது வருடத்தில் அவையும் பழுப்பேறி, அசல் போலவே தெரிகின்றன. நான் ஒருமுறை வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் அசல் என்று நம்பி மொஸ்கிட்டோ நோட்ஸ் ஒன்று வாங்கினேன். அட்டையில் அழகான காபிக் கறை, கோப்பையின் வட்டம் அப்படியே இருந்தது. தடவிப் பார்த்தேன், மேடும் இல்லை, பள்ளமும் இல்லை, தாளின் சொரசொரப்பும் மாறவில்லை. பூதக்கண்ணாடி வைத்தால் கறை முழுக்கச் சின்னச் சின்ன அச்சுப் புள்ளிகள். வேறு யாரோ சிந்திய காபியை அச்சடித்து எனக்கு விற்றிருக்கிறார்கள். அன்றிலிருந்து, வாங்கும் முன் மூன்று படம் கேட்கிறேன்: நடுப்பக்கத்தில் கம்பி தெரியும் படம், திருத்தக் கட்டத்தின் படம், பென்சில் குறிப்பு இருந்தால் அதைச் சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த படம். அசலில் கம்பியைச் சுற்றித் துருவின் நிழல் தாளில் இறங்கியிருக்கும். பென்சில் சாய்வெளிச்சத்தில் மின்னும். படம் தரத் தயங்குகிறவரிடம் நான் வாங்குவதில்லை.

உள்ளூரில் கிடைக்குமா என்றால், பெரும்பாலும் இல்லை. பினாங்கு லோரோங் கூலிட் சந்தை, சௌராஸ்தா மாடிப் புத்தகக் கடைகள், பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலின் வார இறுதிச் சந்தை எல்லாவற்றிலும் அலைந்திருக்கிறேன். பழைய வரைபடம், ஜப்பான் காலத்து வாழைமர நோட்டு, ராணுவப் பொத்தான் எல்லாம் வரும். விமானிக் கையேடு வந்து நான் பார்த்தது மிகக் குறைவு. எனவே வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். அனுப்பும் செலவு, நாணய மாற்று, 2024 ஜனவரியிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட வெளிநாட்டுப் பொருள்களுக்குப் பதிவுபெற்ற விற்பனையாளர்கள் சேர்க்கும் 10 விழுக்காடு வரி, எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் விலை மலிவா இல்லையா என்று சொல்ல முடியும்.

## மறுபதிப்பு

மறுபதிப்பைக் கேவலமாகப் பார்க்கும் சேகரிப்பாளர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. மேசையில் விரித்துப் போட்டு, தே தாரிக் ஒரு பக்கம், பென்சில் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு படிக்க மறுபதிப்பைப் போல் வசதி வேறில்லை. ஓரத்தில் தமிழில் குறிப்பு எழுதலாம், பிள்ளைகள் கையில் கொடுக்கலாம். ஈரம் பட்டால் வருத்தம்தான், இழவு இல்லை.

பிரிட்டனில் அச்சான அரசு வெளியீடுகளுக்கு உரிமை 50 ஆண்டுகள். போர்க்கால நோட்ஸுக்கு அது முடிந்து வெகு காலம் ஆகிறது. அமெரிக்க அரசின் வெளியீடுகளுக்கு அந்நாட்டில் காப்புரிமையே இல்லை. ஆகவே யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அச்சிடுகிறார்கள். சிக்கலும் அங்கேதான். ஒரு சிலர் நல்ல அசலைத் தேடி, மடிப்புத் தாளை மடிப்புத் தாளாகவே போட்டு, அசல் அளவிலேயே தருகிறார்கள். வேறு சிலர் இணையத்தில் கிடக்கும் ஸ்கேனை எடுத்து, கேட்டவுடன் அச்சிட்டுத் தரும் கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவற்றில் காக்பிட் படம் கறுப்புக் குழம்பாக இருக்கும், எண்கள் தெரியாது. வண்ணத்தில் இருந்த எச்சரிக்கை சாம்பல் நிறமாகிவிடும். விரித்துப் பார்க்க வேண்டிய வரைபடத்தை ஒரே பக்கத்துக்குள் சுருக்கியிருப்பார்கள்.

வாங்கும் முன் ஒன்று மட்டும் பாருங்கள்: காக்பிட் படத்தின் மாதிரிப் பக்கம். அதில் சிறிய எண்கள் படிக்க முடிந்தால் மற்றது பெரும்பாலும் சரியாக இருக்கும். பிறகு எந்தத் தேதிப் பதிப்பு, எத்தனையாவது திருத்தம் வரை சேர்ந்தது என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அதைச் சொல்லாத மறுபதிப்பாளர் அதைப் பற்றி யோசிக்கவில்லை என்று அர்த்தம்.

திருப்பி விற்றால் காசு வராது. அதை மறைந்த செலவாக நான் நினைக்கவில்லை. படித்து முடித்த புத்தகம் தன் காசைக் கொடுத்துவிட்டது.

## ஸ்கேன்

இலவசம், உடனே கிடைக்கும், எழுத்தைப் பெரிதாக்கலாம், சொல்லைத் தேடலாம். ஒரே இரவில் முப்பது விமானங்களின் கையேடுகளைப் பக்கத்தில் பக்கம் வைத்து ஒப்பிடலாம். அசல் சேகரிப்பவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தாலும் இந்த வசதி வராது.

எனக்கு அப்படி ஒப்பிட்டதில் கிடைத்த ஒன்றைச் சொல்கிறேன். போருக்குப் பின், கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலத்தின்போது மலாயா வானில் பறந்த ஸ்பிட்ஃபயர்கள் 18, 19ஆம் மார்க்குகள். அவற்றில் இருந்தது மெர்லின் எஞ்சின் இல்லை, கிரிஃபன். அதன் விசிறி எதிர்த்திசையில் சுற்றும். மெர்லின் வண்டி ஓடுதளத்தில் வேகம் எடுக்கும்போது இடப்பக்கம் இழுக்கும். கிரிஃபன் வண்டி வலப்பக்கம் இழுக்கும். பழைய பழக்கத்தில் வால் சுக்கானின் ட்ரிம்மை (சுக்கானை ஒரு பக்கம் சாய்த்து வைக்கும் அமைப்பை) மாற்றி வைத்துவிட்டுக் கிளம்பினால் விமானம் ஓடுதளத்தை விட்டுப் பக்கவாட்டில் பாய்ந்துவிடும். இரண்டு நோட்ஸையும் திரையில் அருகருகே வைத்தால் அந்த ஒரு வரியின் மாற்றம் பளிச்சென்று தெரிகிறது. 1954 ஏப்ரல் 1 அன்று பிரிட்டிஷ் விமானப் படையின் ஸ்பிட்ஃபயர் தன் கடைசிப் போர்ப்பணிக்காக, சிங்கப்பூர் சிலேத்தாரிலிருந்து ஜோகூர் காட்டைப் படம் எடுக்கப் பறந்தபோது, அந்த விமானிக்கு இந்த வரி மனப்பாடமாக இருந்திருக்கும்.

குறை என்ன? மடிப்புத் தாள்கள் பாதி வெட்டுப்பட்டிருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. எழுத்துணரி மென்பொருள் 3ஐ 8 ஆக்கிவிடும். கதைப் புத்தகத்தில் பரவாயில்லை, எஞ்சின் அளவில் அது பெரிய பிழை. தேடல் பெட்டியை நம்பாமல் பக்கத்தின் படத்தைக் கண்ணால் பாருங்கள். இரண்டு வெவ்வேறு பிரதிகளின் பக்கங்களைச் சேர்த்து ஒரே கோப்பாக்கியவையும் உண்டு. பக்க எண்ணையும் பக்கத்தின் அடியில் இருக்கும் தேதியையும் கவனித்தால் பிடிபடும்.

நகல் கடையில் அச்செடுத்து வளையக்கட்டு போட்டுக்கொள்வதாக இருந்தால், செலவைக் கூட்டிப் பார்த்து விடுங்கள். வண்ணப் பக்கங்கள் நிறைந்த அமெரிக்கக் கையேட்டை அப்படி அச்செடுத்தால் நல்ல மறுபதிப்பின் விலையை எட்டிவிடும்.

## ஒரு பார்வையில்

| அளவுகோல் | அசல் | மறுபதிப்பு | ஸ்கேன் |
|---|---|---|---|
| படிக்க வசதி | குறைவு, பயந்து பயந்து திறக்க வேண்டும் | மிக நன்று | தேடுவதற்கு நன்று, நீண்ட வாசிப்புக்குக் கண் நோகும் |
| முழுமை | பிரதிக்குப் பிரதி மாறும் | வெளியிடுபவரைப் பொறுத்தது | பெரும்பாலும் மடிப்புத் தாள் குறையும் |
| நம் ஊர் ஈரம் | பெரும் கவலை | சிறு கவலை | கவலை இல்லை |
| மறைந்த செலவு | பெட்டி, அனுப்பும் செலவு, வரி, போலி | மோசமான அச்சு | அச்செடுக்கும் செலவு, வன்தட்டு பழுது |
| பிறகு யாருக்கு | அக்கறை உள்ள ஒருவர் வேண்டும் | யாருக்கும் கொடுக்கலாம் | கோப்பு இருக்கும் இடம் தெரிந்தவருக்கு |

பட்டியலில் அடங்காத ஒன்று உண்டு. ‘அசல்’ என்றதும் எல்லோரும் ஸ்பிட்ஃபயரையும் லங்காஸ்டரையும் நினைக்கிறார்கள். அந்தப் பெயர்கள் அட்டையில் இருந்தாலே விலை ஏறிவிடும். ஆக்ஸ்ஃபோர்டு, ஆன்சன், ஹார்வர்ட் மாதிரியான பயிற்சி விமானங்களின் நோட்ஸ் அதே அமைச்சு, அதே தாள், அதே திருத்தத் துண்டுகள்தான். விலை மட்டும் இறங்கியிருக்கும். அவற்றில்தான் மாணவர்களின் பென்சில் குறிப்புகள் அதிகம் என்பது என் அனுபவம். போர் விமானத்துக்குப் போனவன் ஏற்கெனவே ஓட்டத் தெரிந்தவன். பயிற்சி விமானத்தின் புத்தகத்தை வைத்திருந்தவன் பயந்துகொண்டே கற்றவன். முதல் அசல் வாங்க நினைப்பவர்களுக்கு நான் இந்தப் பக்கம்தான் கைகாட்டுவேன்.

## மூவருக்கும் பதில்

கிள்ளான் தம்பிக்கு: ஸ்கேன் போதும், இப்போதைக்கு அசல் பக்கமே போகாதீர்கள். நீங்கள் ஓட்டும் மார்க்கின் நோட்ஸைத் தேடி எடுங்கள், கூடவே ஏ.பி. 2095ஐயும் எடுங்கள். புறப்படும் முன் பார்க்க வேண்டிய பட்டியலை மட்டும் அச்செடுத்துத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஒரு கதை தெரிந்திருந்தால் அந்தப் பட்டியலை அலட்சியமாகப் பார்க்க மாட்டீர்கள். 1935 அக்டோபர் 30 அன்று பி-17இன் முன்மாதிரி விமானம் அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் கிளம்பிய கையோடு விழுந்து நொறுங்கியது. நிறுத்தி வைக்கும்போது காற்றில் ஆடாமல் இருக்கச் சுக்கான்களுக்குப் போடும் பூட்டை யாரும் எடுக்கவில்லை. ஓட்டியவர் கைதேர்ந்த விமானிதான். ஞாபகத்தை மட்டும் நம்ப முடியாது என்று அதற்குப் பிறகுதான் எழுதிய பட்டியலைக் கையில் கொடுத்தார்கள்.

ஈப்போ சாருக்கு: இரண்டு நல்ல மறுபதிப்புகளோடு தொடங்குங்கள், பிரிட்டிஷ் ஒன்று, அமெரிக்க ஒன்று. ஆறு மாதம் கழித்தும் ஆசை அடங்கவில்லை என்றால் ஈரக் கட்டுப்பாட்டுப் பெட்டியை முதலில் வாங்குங்கள். பெட்டி ஒரு மழைக்காலத்தைத் தாண்டி எண்ணை நிலையாகக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, பயிற்சி விமானம் ஒன்றின் அசல். அமெரிக்கக் கையேடுகளில் பி-29 கமாண்டர்களுக்கு எழுதியதை எடுத்துப் பாருங்கள், சார். இன்னொன்றும் உண்டு. சயாம் மரண ரயிலைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள். அந்தப் பாதையின் பாலங்களைத் தாக்கியவை பெரும்பாலும் லிபரேட்டர் என்ற பி-24 குண்டுவீச்சு விமானங்கள். அதன் கையேடும் மறுபதிப்பாகக் கிடைக்கிறது. கீழே நம் ஆட்கள் அந்தப் பாதையில் உழைத்துக்கொண்டிருந்தபோது, மேலே இருந்தவனுக்குக் குழுவைக் காப்பது எப்படி என்று அந்தப் புத்தகம் எவ்வளவு கனிவாகச் சொல்கிறது என்பதைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு கனத்தது. கீழே நடந்ததையும் மேலே நடந்ததையும் சேர்த்துப் படிக்க உங்களைப் போன்றவர்கள் வேண்டும்.

பட்டர்வொர்த் அக்காவுக்கு: நீங்கள் அசலே வாங்குங்கள். ஒன்றே ஒன்று போதும். துணை விமானப் படையில் டைகர் மோத்தும் ஹார்வர்டும் இருந்தன. அப்பா ஹார்வர்டைப் பற்றி அதிகம் பேசியதாக எழுதியிருந்தீர்கள், அதனால் ஹார்வர்ட் நோட்ஸ். போர்க்காலத்தில்தான் அச்சாகியிருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். விற்பவரிடம் அட்டையின் உள்பக்கத்தில் இருக்கும் திருத்தக் கட்டத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், கடைசித் தேதியைப் பாருங்கள். 1950க்குப் பிந்திய தேதி ஏதாவது இருந்தால், உங்கள் அப்பா எண்ணெய்க் கையோடு வேலை செய்துகொண்டிருந்த காலத்தில் அந்தப் புத்தகமும் எங்கோ ஒரு விமானக் கொட்டகையில் வேலை செய்துகொண்டிருந்தது.